தும்பி வங்கியும் வஞ்சிக்கொடி லாண்டரியும்

தும்பி வங்கி என்று ஒரு வங்கி இருந்தது. எங்கே இருந்தது என்று கேட்டால் அந்த வங்கியிலேயே யாருக்கும் பதில் தெரியாது. கிளை இல்லை. கவுன்ட்டர் இல்லை. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கும் காவலாளி இல்லை. நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனா இல்லை. செல்போனில் ஒரு தும்பிப் படம் இருக்கும். தொட்டால் வங்கி, தொடாவிட்டால் வெறும் தும்பி.

ஆனாலும் எந்த வங்கிக்கும் ஆட்கள் வேண்டுமல்லவா? கோயம்புத்தூர் கணபதியில், ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி சிங்கப்பூரில் இருந்தார். ஆள் எடுத்தபோது அவர் ஒரே ஒரு தகுதிதான் கேட்டார்: "நான் சொன்னதைச் சொன்னபடி செய்யணும். எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது." நேர்காணலுக்கு நூற்றுப்பத்துப் பேர் வந்தார்கள். அதில் நூற்றாறு பேர் ஏதாவது ஒரு கேள்வி கேட்டுத் தொலைத்தார்கள். மீதி நான்கு பேருக்கு வேலை கிடைத்தது.

மேலாளர் பூவராகன். ஐம்பது வயது, எப்போதும் சட்டைப் பையில் மூன்று பேனா. ஒரு விஷயத்தைப் பத்து நிமிடம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். யோசிக்காமலே சொல்லியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்குமோ என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். விதிமுறைப் பிரிவு அலமேலம்மையின் கையில். முதலாளியும் அரசாங்கமும் அனுப்புகிற உத்தரவுகளைத் தினமும் காலையில் எழுந்து நின்று சத்தமாக வாசிப்பார். புகார்ப் பிரிவு குப்பாண்டி. கணினிப் பிரிவு தேனப்பன். கணினி மேல் அவனுக்கு அபார மரியாதை. அநாவசியமாக அதைத் தொடமாட்டான்.

முதல் மாதம் முதலாளியிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. போனில் கூப்பிடும் வாடிக்கையாளர் யாரையும் காத்திருக்க வைக்கக் கூடாது.

குப்பாண்டி அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான். யாராவது கூப்பிட்டு, பணம் போய்ச் சேரவில்லை என்பார்கள். விவரம் பார்க்க ஐந்து நிமிடமாவது ஆகும். "அஞ்சு நிமிஷம் காத்திருக்கணுங்க. உங்களைக் காக்க வைக்கக் கூடாதுங்க," என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவான். மாதக் கடைசியில் அறிக்கை போயிற்று. காத்திருந்த வாடிக்கையாளர்கள்: ஒருவருமில்லை. முதலாளி சந்தோஷப்பட்டு ஒரு கேக் அனுப்பி வைத்தார்.

இரண்டாவது மாதம் இன்னோர் உத்தரவு. வாடிக்கையாளரின் கணக்கு விவரங்களை யாருக்கும் சொல்லக் கூடாது.

அன்று மதியமே உடுமலையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கூப்பிட்டார். தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுங்க," என்றான் குப்பாண்டி.

"நான்தானப்பா கணக்குக்காரன்."

"இருக்கட்டுங்க. நீங்களும் யாரோ ஒருத்தர்தானுங்களே."

தபால்காரர் மேலாளரைக் கூப்பிடச் சொன்னார். அவரைக் காக்க வைக்கக் கூடாதென்று குப்பாண்டி போனை வைத்துவிட்டான்.

போனில் வேலை ஆகவில்லை என்றதும் மக்கள் எழுத ஆரம்பித்தார்கள். செயலியில் புகார்ப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் விழுகிற புகாரை எல்லாம் தேனப்பன் காகிதத்தில் அச்சடித்துக் கொடுப்பான். மூன்றாம் மாதம் மேஜை தெரியவில்லை. நான்காம் மாதம் குப்பாண்டி தெரியவில்லை. அப்போதுதான் அலமேலம்மை அந்த விதியை வாசித்தார்: "வரும் புகார் ஒவ்வொன்றையும் முப்பது நாட்களுக்குள் மூட வேண்டும்."

நால்வரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"காகிதத்தை எப்படி மூடுறதுங்க?" என்றான் குப்பாண்டி.

"போர்வை போட்டு மூடலாம்," என்றான் தேனப்பன்.

"காத்தடிச்சா விலகிரும். விலகுனா அது மூடுனதா, திறந்ததான்னு கேள்வி வரும்," என்றார் அலமேலம்மை.

பூவராகன் பத்து நிமிடம் யோசித்தார். "மூடி இருக்கிற பொருள்ல போட்டாத்தான் மூட முடியும்," என்று தீர்ப்புச் சொன்னார்.

அன்றே டவுன்ஹால் கடைவீதிக்குப் போய் முறுக்கு டப்பா இருநூறு வாங்கி வந்தார்கள். புகாரைச் சுருட்டி உள்ளே வைத்து, மூடியை அழுத்தித் திருகி, அலமாரியில் அடுக்கினார்கள். சுவர் முழுக்க டப்பா. பார்ப்பதற்குப் பலகாரக் கடை மாதிரி நிறைவாக இருந்தது. "புகார்கள் நூறு சதவீதம் மூடப்பட்டன," என்று அறிக்கை போயிற்று. சிங்கப்பூரிலிருந்து மறுபடியும் கேக் வந்தது.

இப்படி ஒன்றரை வருடத்துக்கு மேல் எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் வஞ்சிக்கொடியின் விவகாரம் வந்து சேர்ந்தது.

வஞ்சிக்கொடி சிங்காநல்லூரில் லாண்டரி வைத்திருந்தார். நாற்பத்தாறு வயது. கணவர் இறந்த வருடம் ஒரே ஒரு மெஷினோடு ஆரம்பித்தது. இப்போது நான்கு மெஷின், ஒரு வேன், ஒன்பது பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஓட்டல் தலையணை உறைகளும் ஆஸ்பத்திரி விரிப்புகளும் அங்கே வெளுப்புக்கு வரும். வங்கி வரிசையில் நின்றால் அந்த நேரத்தில் ஐம்பது விரிப்பு துவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் தும்பி வங்கியில் சேர்ந்தார்.

அந்த மாதம் அவருக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. இருநூறு கட்டில் உள்ள ஓர் ஆஸ்பத்திரி, பெரிய மெஷின் இருந்தால் எல்லா விரிப்பையும் உங்களுக்கே தருகிறோம் என்றது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்காரர் தன்னிடமிருந்த பெரிய மெஷினை விற்கப்போவதாகச் சொன்னார். நாலு லட்சத்து இருபதாயிரம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பணம் வர வேண்டும். வராவிட்டால் கரூர்க்காரர் ஒருவர் கையில் பணத்தோடு நிற்கிறார். வஞ்சிக்கொடியின் கணக்கில் நாலு லட்சத்து முப்பதாயிரம் இருந்தது. திங்கட்கிழமை காலை தும்பியைத் தொட்டார். "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது" என்றது தும்பி.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அன்று காலை அலமேலம்மை புதிய உத்தரவை வாசித்திருந்தார்: "வாடிக்கையாளர் எவரும் பணச் சலவையில் ஈடுபடாதவாறு கண்காணிக்க வேண்டும். சலவை தொடர்பான சந்தேகம் எழுந்தால் கணக்கை உடனே முடக்கி, மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும்."

தேனப்பன் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கணினியைத் தொட்டான். 'சலவை' என்று தேடினான். ஒரே ஒரு பெயர் வந்தது: வஞ்சிக்கொடி சலவையகம்.

"பட்டப்பகல்ல, பேர்லயே போட்டு வச்சிருக்காங்களே!" என்று அலமேலம்மை நெஞ்சில் கைவைத்தார்.

கணக்கை முடக்கினார்கள். பிறகு நால்வரும் மேலிடத்துக்குத் தெரிவிக்க மொட்டைமாடிக்கு ஏறிப் போனார்கள். அங்கே தண்ணீர்த் தொட்டியும் இரண்டு காக்கைகளும்தான் இருந்தன. பூவராகன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொட்டியைப் பார்த்து நின்று, நடந்ததை முழுவதும் வாசித்துக் காட்டினார். ஆட்சேபம் எதுவும் வரவில்லை. கீழே இறங்கினார்கள்.

வஞ்சிக்கொடி போன் செய்தார். "ஏனுங் தம்பி, என்ற கணக்கை எதுக்கு முடக்குனீங்க?"

"சலவைங்க," என்றான் குப்பாண்டி.

"ஆமா, சலவைதான் பண்றோம். பதிமூணு வருஷமா."

"பதிமூணு வருஷமாவா!" குப்பாண்டி அதை எழுதி வைத்துக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குப் பணம் வேணுங் கண்ணு. சித்தெ பார்த்துச் சொல்லு."

"பார்த்துச் சொல்ல அஞ்சு நிமிஷம் ஆகுங்க. உங்களைக் காக்க வைக்கக் கூடாதுங்க." வைத்துவிட்டான்.

அன்று மட்டும் வஞ்சிக்கொடி பதினேழு முறை கூப்பிட்டார். பதினேழு முறையும் அவரைக் காக்க வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை அவர் செயலியில் புகார் எழுதினார். பத்து நிமிடத்தில் அது சுருட்டப்பட்டு டப்பாவுக்குள் போயிற்று. "உங்கள் புகார் மூடப்பட்டது. நன்றி" என்று அவருக்குச் செய்தியும் வந்தது. அன்று மாலை மெஷினில் தண்ணீர் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலைக்காரப் பெண்கள் ஒன்பது பேரும் சேர்ந்து தரையைத் துடைத்தார்கள். ஆஸ்பத்திரி வேலை வந்தால் சம்பளம் கூட்டித் தருவதாக அவர் சொல்லியிருந்தது அவர்களுக்கும் ஞாபகம் இருந்தது.

புதன்கிழமை அவர் வங்கிக் கண்காணிப்பு வாரியத்துக்கு நேரில் போய்க் கடிதம் கொடுத்தார். அங்கே துரைக்கண்ணு என்றொரு அதிகாரி. தும்பி வங்கியைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே இரண்டு சாக்கு நிறையக் கடிதங்கள் வந்திருந்தன. அதனால் அன்றே வங்கிக்கு ஓலை போயிற்று: "வாடிக்கையாளரைப் பற்றி எதுவும் அறியாமல் கணக்கை முடக்கியிருக்கிறீர்கள். வாடிக்கையாளரை முழுமையாக அறிந்துகொள்வது வங்கியின் கடமை. உடனே அறிந்துகொள்ளவும்."

வியாழக்கிழமை காலை நால்வரும் வஞ்சிக்கொடியை அறிந்துகொள்ளக் கிளம்பினார்கள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டார்கள்.

வங்கியிலிருந்து மனிதர்களே வந்து நிற்பதைப் பார்த்ததும் வஞ்சிக்கொடிக்கு உயிர் வந்தது. நாற்காலி போட்டு, டீ வாங்கி வரச் சொன்னார். அலமேலம்மை நோட்டைத் திறந்தார்.

"உங்களுக்குப் பிடிச்ச குழம்பு எதுங்க?"

"குழம்பா?"

"முழுமையா அறியணுங்க."

வஞ்சிக்கொடி பணத்தை நினைத்துப் பொறுத்துக்கொண்டார். "கொள்ளுப் பருப்புங்."

"தூங்கும்போது வலப்பக்கமா, இடப்பக்கமா?"

"அலுப்பா இருந்தா எந்தப் பக்கம்னு தெரியாதுங்."

"இருட்டுல பயம் உண்டா?"

"இல்லீங்."

"எதுக்குத்தான் பயப்படுவீங்க?"

வஞ்சிக்கொடி காலண்டரைப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு மத்தியானத்துக்குத்தானுங்," என்றார். அலமேலம்மை அதையும் எழுதிக்கொண்டார்: பயம், மத்தியானம்.

இரண்டு மணி நேரம் போயிற்று. எந்த வயதில் பல் விழுந்தது, எந்தச் சித்தப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை, எத்தனை பச்சைப் புடவை என்று எல்லாம் அறிந்துகொண்டார்கள். பழத்தையும் அவர்களே சாப்பிட்டு முடித்தார்கள். கடைசியில் பூவராகன் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரே ஒரு கேள்விங்க. மறைக்காமச் சொல்லணும். இங்க ரூபா நோட்டைத் துவைக்கிறதுண்டா?"

வஞ்சிக்கொடி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "வேணும்னு துவைக்கிறதில்லீங். சட்டைப் பையில மறந்து வச்சது எப்பவாச்சும் மெஷின்ல போயிரும். எடுத்துக் காய வச்சு, இஸ்திரி போட்டு, உரியவங்ககிட்டக் குடுத்துருவோம்."

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அலமேலம்மை அதை எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

"துவைக்கிறதோட நிறுத்தலை," என்று முணுமுணுத்தான் தேனப்பன். "இஸ்திரியும் போட்டிருக்காங்க."

"ஒத்துக்கிட்டாங்க," என்றார் பூவராகன். எழுந்து கைகூப்பினார். "உங்களை முழுமையா அறிஞ்சுக்கிட்டோமுங்க. ரொம்ப நல்லவங்க. கணக்கு முடங்கியேதான் இருக்கும்."

வஞ்சிக்கொடி வாசலை மறித்து நின்றார். "உங்க ஆபீஸ் எங்கீங் இருக்குது? நான் பெரியவங்க யாரையாச்சும் பார்க்கோணும்."

"எங்களுக்கு ஆபீசே கிடையாதுங்க. எல்லாம் ஆன்லைன்," என்றான் குப்பாண்டி.

"அப்ப இப்ப எங்க போறீங்க?"

"ஆபீசுக்குங்க."

அவர்கள் ஆட்டோ பிடித்தார்கள். வஞ்சிக்கொடி லாண்டரி வேனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். நால்வரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு வந்தார்கள். இப்போதுதான் பழக்கமானவர் அல்லவா.

டயர் கடை மாடியில் துரைக்கண்ணு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். முன்னறிவிப்பு இல்லாத சோதனை. சுவரைப் பார்த்துக்கொண்டே, "இதென்ன, தின்பண்டமா?" என்று கேட்டார்.

"புகாருங்க," என்றான் குப்பாண்டி பெருமையோடு. "எல்லாம் மூடியாச்சு. ஒண்ணுகூட லூசா இருக்காது. தட்டிப் பாருங்க."

துரைக்கண்ணு ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். ஒரு பெண், தன் மகன் படிப்புக்காக அனுப்பிய பணம் யாருக்கோ போய்விட்டதென்று எழுதியிருந்தார். இன்னொன்றைத் திறந்தார். உடுமலைத் தபால்காரர், நான் யார் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதிகாரி திறக்கத் திறக்க, குப்பாண்டி பதறிப்போய்ப் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டே வந்தான்: "வாரியத்தால் திறக்கப்பட்டவை: ஒன்று, இரண்டு, மூன்று..."

அந்தச் சமயத்தில் வஞ்சிக்கொடி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். துரைக்கண்ணுவின் காது சிவந்துபோயிற்று.

"இவங்க கணக்கை இப்பவே திறங்க," என்றார்.

பூவராகன் பத்து நிமிடம் யோசித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். "முடியாதுங்க சார். வாய்வார்த்தைன்னா முதலாளி சொன்னா மட்டும்தான் செய்யணும்னு எங்க வேலை உத்தரவுல இருக்குது. நீங்க அதிகாரி. முதலாளி இல்லை."

"அப்ப நான் எழுத்துமூலம் உத்தரவு போடறேன்."

"போடுங்க சார். எப்ப வரும்?"

துரைக்கண்ணு வாயைத் திறந்தார். பிறகு அவரே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கடிதம் என்றால் அவரே அனுப்பிவிடலாம்; உத்தரவு என்றால் அறிக்கை எழுத வேண்டும், அது சென்னைக்குப் போக வேண்டும், மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் விடுப்பில் இருக்கிறார். "இருபத்தொரு நாள்," என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"முதலாளிக்காவது போன் போடுங்க!" என்றார் வஞ்சிக்கொடி.

"அவர் மூணு விமானம் மாறி எங்கயோ போயிட்டிருக்காருங்க. நாளைக்குச் சாயங்காலம்தான் இறங்குவார்," என்றார் அலமேலம்மை.

வஞ்சிக்கொடி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழவில்லை. "ஒம்பது பொம்பளைங்க சார்," என்றார் யாரையும் பார்க்காமல். "ருக்குமணி, இந்த மாசத்துல இருந்து வாடகை வீடு மாறலாம்னு அட்வான்ஸ் பேசிட்டு வந்துட்டா. என் பணம் சார். நான் துவைச்சுச் சேர்த்த பணம். கேட்டா, நீ துவைச்சேன்னுதான் தர மாட்டேங்கறாங்க."

குப்பாண்டிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நல்லவர்கள்தான் அவர்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வஞ்சிக்கொடி தலையை நிமிர்த்தினார். எதிர்ச் சுவரில், டப்பா அலமாரிக்கு மேலே, தங்க எழுத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தது. எல்லாக் கம்பெனியிலும் மாட்டுகிற மாதிரிதான். அவர் அதை ஒரு முறை படித்தார். இரண்டாம் முறை படித்தார். பிறகு மெல்ல எழுந்து நின்றார்.

"ஏனுங் மேனேஜரு, அந்தப் பலகையில என்ன எழுதியிருக்குது?"

பூவராகன் பணிவாகத் திரும்பி வாசித்தார். "வாடிக்கையாளரே எங்கள் முதலாளி."

"நான் யாருங்?"

"வாடிக்கையாளருங்க."

"அப்ப?"

பூவராகன் யோசிக்க ஆரம்பித்தார். பத்து நிமிடம் தேவைப்படவில்லை. இரண்டாவது நிமிடத்திலேயே அவர் முகம் வெளுத்தது. நாற்காலி பின்னால் சாய, விறைப்பாக எழுந்து நின்றார். அவர் நின்றதைப் பார்த்து மற்ற மூவரும் நின்றார்கள். குப்பாண்டி மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தான் போட்டான்.

"முதலாளியம்மா, மன்னிக்கணும்," என்றார் பூவராகன். "இத்தனை நேரம் உங்களை ஸ்டூல்ல உக்கார வச்சுட்டோம்."

"பரவால்லை. கணக்கைத் திறங்க."

தேனப்பன் ஓடிப்போய் ஒரு பொத்தானை அமுக்கினான். நான்கு வினாடி ஆயிற்று. துரைக்கண்ணு கடிகாரத்தில் பார்த்தார்.

"இதைத் திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாமேங்கம்மா," என்றார் அலமேலம்மை வருத்தத்தோடு. "நாங்க யாரோன்னு நினைச்சுட்டோம்."

வஞ்சிக்கொடி அங்கேயே நின்று தும்பியைத் தொட்டுப் பணத்தை அனுப்பினார். திருப்பூர்க்காரர் போன் செய்து, வந்துவிட்டது, சனிக்கிழமை லாரியில் ஏற்றிவிடுகிறேன் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் வஞ்சிக்கொடி அழுதார். கொஞ்ச நேரம்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரில் இருந்த டப்பாக்களைப் பார்த்தார்.

"இதையெல்லாம் திறந்து, எழுதுனவங்க ஒவ்வொருத்தருக்கும் என்ன பண்ணோணுமோ பண்ணுங்க. இதும் முதலாளி சொல்றதுதான்."

"சரிங்கம்மா," என்றார்கள் நால்வரும் ஒரே குரலில். குப்பாண்டி மட்டும் ஓர் அடி முன்னால் வந்தான். "அம்மா, வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷமாகப் போகுது. இன்க்ரிமென்ட்டே போடலீங்க."

"அதை அடுத்து வர்ற வாடிக்கையாளருகிட்டக் கேளு," என்று சொல்லிவிட்டு வஞ்சிக்கொடி படியிறங்கிப் போனார்.

மெஷின் சனிக்கிழமை வந்தது. பட்டாசு வெடித்து இறக்கினார்கள். ருக்குமணி வீடு மாறினாள். அதோடு வஞ்சிக்கொடி தன் பணம் முழுவதையும் எடுத்து, வரிசையில் நிற்க வேண்டிய ஒரு சாதாரண வங்கியில் போட்டுவிட்டார். வரிசையில் நிற்பது நிம்மதியாக இருக்கிறது என்று அவர் சொன்னதாகக் கேள்வி.

இருபத்தொரு நாள் கழித்து துரைக்கண்ணுவின் அறிக்கை மூன்று கையெழுத்தோடு வெளிவந்தது. தும்பி வங்கிக்குப் பெரிய அபராதம். எல்லோருடைய பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வங்கியை முடித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. சிங்கப்பூரில் முதலாளி அதைப் படித்துவிட்டுப் போனைச் சுவரில் அடித்தார். பிறகு இன்னொரு போனை எடுத்து பூவராகனைக் கூப்பிட்டு ஒரே வாக்கியம் கத்தினார்: "வங்கியை இழுத்து மூடிட்டு வீட்டுக்குப் போங்கய்யா!"

நால்வரும் துக்கத்தோடு கூடி உட்கார்ந்தார்கள். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் துக்கம் பார்க்க முடியாது.

தேனப்பன் கணினியை மடக்கினான். "மூடிட்டேனுங்க."

"அது மடக்கி மூடுறது," என்றார் பூவராகன். "முதலாளி இழுத்து மூடச் சொன்னார்."

"ஜன்னல்?" என்றான் குப்பாண்டி.

"அது தள்ளி மூடுறது."

"திரைச்சீலை இருக்குதுங்களே, அதை இழுக்கலாம்," என்றார் அலமேலம்மை.

"இழுக்கலாம் அம்மிணி. ஆனா அது மறைக்கிறது. மூடுறது ஆகாது."

பத்து நிமிடம் கழிந்தது. "இழுத்து மூடணும்னா ஷட்டர் வேணும்," என்றார் பூவராகன். "நம்ம வங்கிக்கு ஷட்டர் இல்லை. ஷட்டர் வேணும்னா கடை வேணும்."

மெயின் ரோட்டில் காலியாகக் கிடந்த ஒரு கடையைப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் பிடித்தார்கள். ஷட்டர் பழையதுதான், ஆனால் அகலம். மூடுவது எந்த வங்கியை என்று யாருக்கும் குழப்பம் வரக்கூடாதென்று 'தும்பி வங்கி' என்று பெரிதாகப் பலகை எழுதி மாட்டினார்கள். வெறும் கடையை மூடினால் வங்கியை மூடியதாகாது என்று அலமேலம்மை சொன்னதால் நான்கு மேஜை, எட்டு நாற்காலி, ஒரு மின்விசிறி வாங்கிப் போட்டார்கள். நல்ல நாள் பார்த்தார்கள். புதன்கிழமை காலை பத்தரைக்கு மூடுவிழா.

பத்து மணிக்கே தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இத்தனை நாளாகப் போனைத் தடவிக்கொண்டிருந்தவர்கள், தும்பி வங்கிக்கு ஒரு வாசல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பொள்ளாச்சியிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். பூவராகன் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு ஷட்டரைப் பிடித்து இழுத்தார். கடகடவென்று பாதி இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது. நால்வரும் சேர்ந்து தொங்கினார்கள். குப்பாண்டி காலை மடக்கிக்கொண்டு ஊஞ்சல் மாதிரி ஆடிப் பார்த்தான். ஷட்டர் அசையவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, உள்ளே ஸ்பிரிங் போய்விட்டது, இந்த அளவு இப்போது வருவதில்லை, சொல்லிச் செய்து வாங்க ஆறு வாரம் ஆகும் என்றான்.

ஒரு வாரம் கழித்து முதலாளி போன் செய்தார். "மூடியாச்சா?"

"பாதி மூடியாச்சுங்க சார்," என்றார் பூவராகன். பின்னால் ஒரே சத்தம். யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "மீதிப் பாதிக்கு ஸ்பிரிங் வரணும். அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்க வேண்டாமேன்னு, குனிஞ்சு உள்ள வர்றவங்களுக்கெல்லாம் கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்துட்டிருக்கோம். இதுவரைக்கும் முந்நூத்தி நாற்பது ஆச்சுங்க."

சிங்கப்பூரில் சத்தமே இல்லை.

"சார்? கேக்குதுங்களா? ஒரே ஒரு கஷ்டம்தான் சார். உயரமா இருக்கறவங்க தலையை இடிச்சுக்கறாங்க. அதனால அவங்களுக்குன்னு பக்கத்துலயே இன்னொரு கடையும் பிடிச்சுட்டோம். நீங்க கவலையே படாதீங்க. அதுல ஷட்டரே கிடையாது."